விலகல் கடிதம் கொடுத்த மறுநாள் கையில் என்ன மிஞ்சும்?

2017 மார்ச் 29 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் உள்ள பிரஸ்ஸல்ஸில் பிரிட்டனின் தூதர் டிம் பாரோ, ஐரோப்பிய மன்றத் தலைவர் டொனால்ட் டஸ்க்கின் கையில் ஆறு பக்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுகிறது என்ற முறைப்படியான அறிவிப்பு அது. கடிதம் கைமாறும் வரை பிரிட்டனிடம் ஒரு வலுவான சீட்டு இருந்தது. அதை எப்போது கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. மற்ற 27 நாடுகளும் காத்திருக்கத்தான் வேண்டும். கொடுத்த கணத்தில் அந்தச் சீட்டு செலவாகிவிட்டது. அதன்பின் காத்திருக்கும் வசதி எதிர்த்தரப்புக்குப் போனது.

வர்த்தகக் கூட்டணியை விட்டு வெளியேறும் நாட்டின் பேர வலிமையைப் பெரும்பாலும் பொருளாதாரத்தின் பருமனை வைத்துத்தான் அளக்கிறார்கள். எவ்வளவு பெரிய சந்தை, யார் யாருக்கு அதிகம் விற்கிறார்கள், பற்றாக்குறை யாருக்கு என்றெல்லாம் பட்டியல் போடுகிறார்கள். இவை தேவையற்ற விவரங்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மேசையில் உட்கார்ந்த பிறகு எடைபோடப்படுவது வேறு. பேச்சு முறிந்தால் இரு தரப்பும் எந்த நிலையில் போய் விழுவார்கள், விழுந்தால் யாருக்கு அதிகம் அடிபடும், அது எந்தத் தேதியில் நடக்கும் என்ற மூன்றும்தான் பேரத்தின் உண்மையான எடைக்கற்கள். மூன்றாவதைத்தான் அரசியல்வாதிகள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

கெடு யார் பக்கம்?

ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆவது பிரிவு 2009 டிசம்பர் 1 அன்று, லிஸ்பன் உடன்படிக்கையோடு நடைமுறைக்கு வந்தது. அதன் மூல வரைவை எழுதியவர் ஜான் கெர் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரி என்பது வரலாற்றின் குறும்பு. பிரிவு சொல்வது சுருக்கமானது. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். அதற்குள் ஒப்பந்தம் ஏற்பட்டால் அந்த விதிகளின்படி வெளியேறலாம். ஏற்படாவிட்டால் நள்ளிரவில் உறுப்புரிமை தானாகவே முடிந்துவிடும். கெடுவை நீட்டிக்க மீதமுள்ள உறுப்பு நாடுகள் அத்தனையும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஆனால் விலகல் ஒப்பந்தத்தை ஏற்க ஒருமனம் தேவையில்லை. மீதமுள்ள நாடுகளில் 72 சதவீதம், அவற்றின் மக்கள்தொகையில் 65 சதவீதம் என்ற தகுதிப் பெரும்பான்மையும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் போதும். வெளியேறும் நாட்டுக்கு அந்த விவாதங்களில் இருக்கை கிடையாது.

இந்த அமைப்பு பேரத்தை எப்படிச் சாய்க்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் இல்லாமல் கெடு முடிந்தால் கூட்டணி தன் ஒரு பக்க வேலியை இழக்கிறது. வெளியேறும் நாடு நான்கு பக்க வேலியையும் ஒரே இரவில் இழக்கிறது. எனவே நாள் நெருங்க நெருங்க வெளியேறும் நாட்டின் மேல் அழுத்தம் வேகமாக ஏறுகிறது. கூட்டணியின் மேலும் ஏறுகிறது, ஆனால் மெதுவாக.

இரண்டு ஆண்டு என்பதும் ஏட்டளவில்தான். இரு தரப்பு நாடாளுமன்றங்களின் ஒப்புதலுக்குக் கடைசி ஐந்தாறு மாதங்களை ஒதுக்க வேண்டும். எதிர்த்தரப்பு தன் பேச்சுவார்த்தை வழிகாட்டுதல்களை வகுக்க முதல் சில வாரங்கள் போகும். தெரசா மே அரசு கடிதத்தைக் கொடுத்துவிட்டு 2017 ஜூன் 8 அன்று பொதுத்தேர்தலும் நடத்தியது. பேச்சு தொடங்கியது ஜூன் 19 அன்று. கிட்டத்தட்ட மூன்று மாதம் கெடுவில் கரைந்தது. தேர்தலில் தனிப்பெரும்பான்மையும் போயிற்று. உண்மையில் பேரம் பேசக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

கடிதத்துக்கு முன்னாலேயே பேசித் தீர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாதபடி ஒன்றியம் அந்தக் கதவை அடைத்திருந்தது. பொதுவாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23 அன்று. ஆறு நாள் கழித்து, ஜூன் 29 அன்று, 27 தலைவர்களும் அறிவிப்பு வராமல் எந்தப் பேச்சும் கிடையாது என்று கூட்டறிக்கை விட்டார்கள். அதிகாரிகள் மட்டத்தில் மறைமுகப் பேச்சும் இல்லை என்பதே அதன் பொருள். வெளியேறும் நாட்டின் கையில் சீட்டு இருக்கும் காலத்தில் ஆட்டமே நடக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. அதை உடைக்க ஒரே வழி அவசரப்படாமல் இருப்பதுதான். என்ன வேண்டும் என்பதை உள்நாட்டில் தீர்மானித்து, சுங்கச் சாவடிகளுக்கு ஆள் எடுத்து, கணினி அமைப்புகளைத் தயார் செய்து, அதன்பின் கடிதம் கொடுத்திருக்கலாம். அந்த ஒன்பது மாதங்கள் அதற்குப் பயன்படவில்லை. அறிவிப்பைக் கொடுக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டுமா என்ற வழக்கிலேயே பெரும்பகுதி கழிந்தது. வேண்டும் என்று 2017 ஜனவரி 24 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 8-3 என்ற கணக்கில் சொன்னது.

கெடுவுக்கு அடுத்தபடியாக முக்கியமானது வரிசை. எதை முதலில் பேசுவது? ஒன்றியம் இரண்டு கட்டமாகப் பிரித்தது. முதல் கட்டத்தில் குடிமக்கள் உரிமை, பிரிட்டன் கட்ட வேண்டிய பணக் கணக்கு, பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றிய உறுப்பான அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லை. இவற்றில் போதிய முன்னேற்றம் வந்த பிறகே வர்த்தகம். இது வெறும் அட்டவணைச் சண்டையாகத் தெரியும். ஆனால் முதல் கட்டத்தில் இருந்தவை அத்தனையும் பிரிட்டன் கொடுக்க வேண்டியவை. அது வாங்க விரும்பிய வர்த்தகமோ இரண்டாம் கட்டத்தில் இருந்தது. இதை எதிர்த்து அந்தக் கோடை முழுக்கச் சண்டையிடுவோம் என்று பிரிட்டிஷ் அமைச்சர் டேவிட் டேவிஸ் சொல்லியிருந்தார். முதல் நாள் பேச்சிலேயே விட்டுக்கொடுத்தார்கள். 2017 டிசம்பர் 8 கூட்டறிக்கையில் 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட பணப் பொறுப்பைப் பிரிட்டன் ஏற்றபோது, வர்த்தகத்தைப் பற்றி எழுத்தில் ஒரு வரி உறுதியும் கிடைக்கவில்லை. எல்லாம் ஒப்புக்கொள்ளப்படும் வரை எதுவும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகாது என்ற வாசகம் இருந்தது உண்மை. ஆனால் ஒருமுறை வெளியே சொன்ன தொகையைத் திரும்ப உள்ளே இழுப்பது கடினம்.

"அவர்கள்தானே நமக்கு அதிகம் விற்கிறார்கள்"

பொதுவாக்கெடுப்புப் பிரசாரத்தில் அலுக்காமல் சொல்லப்பட்ட வாதம் இது. பண்டங்களில் பிரிட்டனுக்கு ஒன்றியத்தோடு பெரும் பற்றாக்குறை. ஜெர்மன் கார் நிறுவனங்களுக்குப் பிரிட்டன் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தைகளில் ஒன்று. ஆகவே அவர்களே தங்கள் அரசை நெருக்கி நல்ல ஒப்பந்தம் வாங்கித் தருவார்கள் என்று சொன்னார்கள்.

தொகையைப் பார்த்தார்கள், வகுக்கும் எண்ணைப் பார்க்கவில்லை. அன்றைய கணக்கில் பிரிட்டனின் மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ 44 சதவீதம் ஒன்றியத்துக்குப் போனது. அது பிரிட்டனின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 12 சதவீதம். எதிர்த்திசையில், 27 நாடுகளும் சேர்ந்து பிரிட்டனுக்கு விற்றது அவற்றின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 3 சதவீதம். ஒரே வர்த்தகம் நின்றுபோனாலும் ஒரு பக்கம் நாலு மடங்கு அதிகமாக உணரும். அந்த 3 சதவீதமும் சமமாகப் பரவியிருக்கவில்லை. அயர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகியவற்றுக்குப் பாதிப்பு அதிகம். கிழக்கு, தெற்கு உறுப்பு நாடுகள் பலவற்றுக்கு மிகக் குறைவு. அதிகம் அடிபடக்கூடிய அயர்லாந்தே எல்லை விஷயத்தில் கடைசி வரை அசையாமல் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் 26 நாடுகள் நிற்கும்போது சிறிய நாட்டுக்கும் முதுகு நிமிரும்.

ஜெர்மன் தொழில்துறைக் கூட்டமைப்புகளும் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்ற ஒற்றைச் சந்தையைக் குலையாமல் காப்பதே முதல் வேலை, பிரிட்டன் சந்தை அதற்குப் பிறகு என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய உதிரி பாகங்கள் பல எல்லைகளைக் கடந்து திரும்பித்தான் ஒரு கார் உருவாகிறது. ஒரு நாட்டுக்கு வேண்டிய விதிகளை மட்டும் பொறுக்கிக்கொள்ள இடம் கொடுத்தால் அடுத்த நாடும் கேட்கும். ஒரு சந்தையில் சில ஆண்டு விற்பனை குறைவதைவிட மீதமுள்ள சந்தைகளின் பொது விதி உடைவது அவர்களுக்கு அதிக நஷ்டம்.

பண்டங்களின் கணக்கு இப்படி என்றால், பிரிட்டனுக்கு உபரி இருந்தது சேவைகளில். லண்டனில் உரிமம் வாங்கிய வங்கி ஒன்றியம் முழுவதும் தொழில் செய்யலாம் என்ற ஏற்பாடு 2020 டிசம்பர் 31 நள்ளிரவோடு போனது. வரிகளை நீக்கும் சாதாரண வர்த்தக ஒப்பந்தம் இதை ஈடுகட்டாது. ஒன்றியத்துக்கு உபரி தரும் பண்டங்களுக்கு ஒப்பந்தத்தில் முழு விலக்கு, பிரிட்டனுக்கு உபரி தரும் சேவைகளுக்குச் சொற்பச் சலுகை. பற்றாக்குறை வாதத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் கடைசியில் எதிர்த்தரப்புக்கு வேண்டியதைத்தான் கேட்டு வாங்கி வந்தார்கள்.

முறிந்தால் விழும் இடம்

ஒப்பந்தம் இல்லாவிட்டால் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்குப் போவோம் என்பது கேட்க எளிமையாக இருக்கும். அந்த விதிகளின்படி எந்த நாட்டுக்கும் தனிச்சலுகை தராமல் எல்லோருக்கும் ஒரே வரி போட வேண்டும். ஒன்றியத்தின் வரி காருக்கு 10 சதவீதம். ஆட்டிறைச்சிக்கு 12.8 சதவீதத்தோடு எடைக்கு ஏற்ற தனி வரியும் சேர்ந்து, மொத்தம் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடியது. பிரிட்டன் ஏற்றுமதி செய்யும் ஆட்டிறைச்சியில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்றியத்துக்கே போகிறது. வேல்ஸ் மலைப்பண்ணைகளுக்கு அந்த ஒற்றை எண் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வரியைவிடக் கடினமானது அனுமதி. வரியைக் கட்டிவிட்டு உள்ளே போகலாம். அனுமதி இல்லாமல் கட்டினாலும் போக முடியாது. விலங்கு வழி வந்த உணவு எதுவும் ஒன்றியத்துக்குள் நுழைய வேண்டுமானால், அனுப்பும் நாட்டின் பெயர் அதன் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் அந்தப் பட்டியல் பெரும் சச்சரவானது. பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து வட அயர்லாந்துக்கு உணவு போவதையே ஒன்றியம் தடுக்கப்பார்க்கிறது என்று அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் குற்றம்சாட்டினார். லாரிகளும் அப்படித்தான். ஒன்றிய உரிமம் செல்லாமல் போனால் பன்னாட்டு லாரி அனுமதிச் சீட்டுகளை நம்ப வேண்டும். 2019க்கு பிரிட்டனுக்குக் கிடைத்த ஆண்டு அனுமதிகள் 984. விண்ணப்பங்கள் 11,000க்கும் மேல். மருந்துத் தொகுதிச் சோதனை, வேதிப்பொருள் பதிவு, விமானி உரிமம், தனிநபர் தரவுப் பரிமாற்றம் என்று இந்தப் பட்டியல் நீளும். கூட்டணிக்குள் இருக்கும்போது கண்ணில் படாத இந்த நரம்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் பேர வலிமையைக் கணக்கிட்டவர்கள் எல்லோரும் தப்பாகத்தான் கணக்கிட்டார்கள்.

எழுந்து போய்விடுவோம் என்று மிரட்ட உரிமை உண்டு. மிரட்டலை எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும். நம்ப வைப்பது பேச்சால் முடியாது. துறைமுகத்தில் கிடங்கு, சுங்க அதிகாரிகள், மாற்றுப் பாதை என்று கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். பிரிட்டன் அரசு அவசரக் கப்பல் சேவைக்காக 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் கொடுத்த ஒரு நிறுவனத்திடம் கப்பலே இல்லை. 2019 பிப்ரவரியில் அது ரத்தானது. லாரிகள் தேங்கினால் என்ன செய்வது என்று 2019 ஜனவரி 7 அன்று கென்ட் மாவட்டத்தில் ஒத்திகை பார்த்தார்கள். வந்த லாரிகள் 89. டோவர் துறைமுகத்தைக் கடப்பவை பரபரப்பான நாளில் பத்தாயிரம் வரை. பிரஸ்ஸல்ஸிலும் செய்தித்தாள் படிப்பார்கள்.

ஒன்றியம் இதே காலத்தில் செய்தது கூர்மையானது. 2018 டிசம்பரில் அவசரகால ஏற்பாடுகளை வரிசையாக வெளியிட்டது. விமானங்கள் ஓரளவு பறக்கலாம், லாரிகள் சில மாதம் ஓடலாம், சில நிதிச் சேவைகள் குறிப்பிட்ட காலம் தொடரலாம். எல்லாமே ஒருதலைப்பட்சமானவை, கால வரம்புள்ளவை, வேண்டும்போது திரும்பப் பெறக்கூடியவை. தனக்கு வலிக்கும் இடங்களில் மட்டும் மருந்து போட்டுக்கொண்டது. முறிந்தால் உங்களுக்கும் குழப்பம்தான் என்ற பிரிட்டனின் கடைசி வாதம் அத்தோடு பாதியாகச் சுருங்கியது.

பிரிட்டன் தன் கையாலேயே தன் சீட்டைக் கிழித்த இடமும் உண்டு. 2019 மார்ச்சில், ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறினால் இறக்குமதியில் மதிப்பு அடிப்படையில் 87 சதவீதத்துக்கு வரி கிடையாது என்று தற்காலிகப் பட்டியலை அறிவித்தது. விலைவாசி ஏறக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் யாரிடமும் எதையும் வாங்காமல் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால், ஒப்பந்தம் போட எவருக்கு அவசரம் வரும்? ஒன்றியத்தின் பழைய ஒப்பந்தத்தை அப்படியே பிரிட்டனோடு தொடரப் பேசிக்கொண்டிருந்த கனடா பேச்சை நிறுத்தி வைத்தது. தன் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கப்போகும் சலுகைக்கு விலை கொடுப்பானேன்? 2020 மேயில் காருக்கு 10 சதவீதம், வேளாண் பொருள்களுக்குக் கணிசமான வரி என்று திருத்திய பட்டியல் வந்தது. கனடா ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்தானது.

மூன்றாம் நாடுகளின் பக்கம் இப்படி இன்னும் பல தலைவலிகள் உண்டு. ஒன்றியம் நியூசிலாந்துக்குக் கொடுத்திருந்த குறைந்த வரி ஆட்டிறைச்சி ஒதுக்கீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,28,000 டன். விலகும்போது அதைப் பழைய விற்பனை விகிதத்தில் பிரித்துக்கொள்வோம் என்று பிரிட்டனும் ஒன்றியமும் 2017இல் பேசி முடித்தன. நியூசிலாந்து, அமெரிக்கா, பிரேசில் உள்ளிட்ட ஏழு நாடுகள் உடனே எதிர்த்தன. ஒரே ஒதுக்கீடாக இருந்தால் இந்த ஆண்டு பிரிட்டனில் விலை குறைந்தால் பிரான்ஸுக்குத் திருப்பலாம்; இரண்டாகப் பிரித்தால் அந்த வசதி போய்விடும் என்பது அவர்களின் வாதம். நியாயமான வாதம். வெளியேறும் நாடு கூட்டணியோடு மட்டும் பேரம் பேசுவதில்லை, கூட்டணி கையெழுத்திட்ட எல்லோரோடும் பேச வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரே நேரத்தில், குறைந்த ஆட்களோடு.

வேலை செய்த சீட்டுகள்

எல்லாம் தோல்வி என்று சொன்னால் தவறு. எதிர்த்தரப்புக்கு மாற்றே இல்லாத இடங்களில் வெளியேறும் நாட்டின் பிடி இறுகியே இருந்தது. யூரோவில் போடப்படும் வட்டி விகித ஒப்பந்தங்களைத் தீர்த்து வைக்கும் வணிகத்தின் பெரும்பகுதி, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று பொறுப்பேற்கும் லண்டன் தீர்வு நிலையங்களில் குவிந்திருக்கிறது. அதை ஒரே நாளில் பெயர்த்து பிராங்பர்ட்டில் நட முடியாது. அனுமதியை நிறுத்தினால் அடி முதலில் ஐரோப்பிய வங்கிகளுக்கே விழும். ஆகவே பிரஸ்ஸல்ஸ் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது, நீட்டித்தது, மறுபடி நீட்டித்தது. இப்போதைய கெடு 2028 ஜூன் 30. இதற்காகப் பிரிட்டன் எந்த மிரட்டலும் விட வேண்டியிருக்கவில்லை.

பழைய உதாரணம் கிரீன்லாந்து. டென்மார்க்கோடு 1973இல், ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்துக்குள் இழுக்கப்பட்ட அந்தத் தீவு, 1979இல் தன்னாட்சி பெற்று, 1982 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. மக்கள்தொகை ஐம்பதாயிரம் சுற்றி. பொருளாதாரப் பருமனை வைத்துப் பார்த்தால் அதற்கு ஒரு பலமும் கிடையாது. ஆனால் மற்றவர்களுக்கு வேண்டிய மீன் அதன் கடலில் இருந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே மீன் பிடிக்கலாம், பதிலுக்கு ஆண்டுதோறும் பணமும், கிரீன்லாந்து மீனுக்கு வரியில்லாச் சந்தையும் என்று ஒப்பந்தம் அமைந்தது. அன்று 50ஆவது பிரிவு இல்லை, ஓடும் கெடுவும் இல்லை. மூன்று ஆண்டு நிதானமாகப் பேசினார்கள். தாய்நாடு டென்மார்க் உள்ளே உட்கார்ந்து அதற்காக வாதாடியது. இந்த மூன்றில் ஒன்றுகூடப் பிரிட்டனுக்கு வாய்க்கவில்லை.

வெளியேறும் விதி ஒவ்வொரு கூட்டணியிலும் வேறு என்பதால் பேர வலிமையும் வேறு. தென் அமெரிக்க நாடுகளின் வர்த்தகக் கூட்டணியான ஆண்டியன் சமூகத்திலிருந்து வெனிசுவேலா 2006 ஏப்ரலில் விலகியபோது, அதன் விதியே ஐந்து ஆண்டுகளுக்கு வரிச்சலுகைகள் தொடரும் என்று உறுதி தந்தது. 2011 ஏப்ரல் வரை மெத்தை விரித்த விழுதல். அப்படியும் 2009இல் கொலம்பியாவோடு அரசியல் மோதல் முற்றியதும் வெனிசுவேலாவுக்கான கொலம்பியாவின் ஏற்றுமதி இரண்டே ஆண்டில் கால் பங்காகச் சரிந்தது. எழுத்தில் உள்ள சலுகை எல்லையில் நிற்கும் லாரியை நகர்த்திவிடாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் பலம் திரும்பியே நின்றது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2024 ஜனவரி 28 அன்று எகோவாஸ் கூட்டணியை விட்டு வெளியேறுவதாக அறிவித்தன. மூன்றுக்கும் கடற்கரை இல்லை, மூன்றும் ஏழை நாடுகள். ஆனாலும் நாலு வாரத்துக்குள், ஆட்சிக்கவிழ்ப்புக்குத் தண்டனையாக நைஜர் மேல் போட்ட பெரும்பாலான தடைகளை எகோவாஸ் விலக்கிக்கொண்டது. 2025 ஜனவரி 29 அன்று விலகல் நடைமுறைக்கு வந்த பிறகும் அவர்களின் கடவுச்சீட்டுகளையும் வர்த்தகச் சலுகைகளையும் மறு அறிவிப்பு வரை மதிக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. காரணங்கள் இரண்டு. இவர்கள் மூவரும் எட்டு நாடுகள் சேர்ந்த மேற்கு ஆப்பிரிக்க நாணய ஒன்றியத்தில் தொடர்ந்து உறுப்பினர்கள். ஐவரி கோஸ்ட், செனகல், டோகோ, பெனின் ஆகியவற்றோடு பொது நாணயமும், உள்ளே வரியில்லை, வெளியாருக்கு ஒரே வரி என்ற சுங்க ஒன்றியமும் அப்படியே இருக்கின்றன. விழுந்தாலும் கீழே இன்னொரு தளம் உண்டு. இன்னொன்று, இவர்களின் சரக்கை வைத்துப் பிழைக்கும் லோமே, அபிஜான், டக்கார் துறைமுகங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கூட்டணி ஒன்றாக நின்று இறுக்க முடியாத இடத்தில் சிறியவர்களுக்கும் பேரம் படியும். பிரஸ்ஸல்ஸின் 27 நாடுகள் கட்டுக்குலையாமல் நின்றதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கனடா, மெக்சிகோவோடு சேர்ந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தில் அமெரிக்கா காட்டியது வேறொரு ரகம். ஆறு மாத அறிவிப்பில் விலகலாம் என்பது விதி. 2017 ஏப்ரலில் டிரம்ப் விலகல் உத்தரவுக்கு வெகு அருகில் வந்தார். ஆனால் கடிதம் போகவேயில்லை. ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்கால் பங்கை அமெரிக்காவுக்கே அனுப்பும் கனடாவும் மெக்சிகோவும் 2018 செப்டம்பர் 30க்குள் புது ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டன. அனுப்பாத கடிதத்துக்குக் கெடு ஓடாது என்பதுதான் அதன் சௌகரியம். 2026 ஜூலை 1 அன்று மூன்று நாடுகளும் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதியையும் அதில் சேர்த்துவைத்தார்கள். மிரட்டலை மறுபடி பயன்படுத்த ஒரு நாள் குறித்துக்கொண்டது போல.

வீட்டுக்குள் ஓட்டு இல்லாவிட்டால்

என் நாடாளுமன்றம் இதை ஏற்காது என்று சொல்வது பேரத்தில் பழைய உத்தி. கை கட்டப்பட்டவனிடம் அதிகம் கேட்க முடியாது என்று பேரத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் போன்றவர்கள் வாதிட்டதும் உண்டு. 2019 ஜனவரி 15 அன்று தெரசா மேயின் ஒப்பந்தம் 432-202 என்று தோற்றபோது, இதைக் காட்டி மேலும் வாங்கலாம் என்று லண்டனில் சிலர் மகிழ்ந்தார்கள். நடக்கவில்லை. கட்டிய கை பலமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எதைக் கொடுத்தால் ஓட்டு விழும் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிய வேண்டும். அன்று எதிர்த்து ஓட்டளித்தவர்களில் ஒப்பந்தமே வேண்டாம் என்றவர்கள், வெளியேறவே வேண்டாம் என்றவர்கள், சுங்க ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்றவர்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். எந்தச் சலுகை கொடுத்தாலும் இன்னொரு கும்பல் கழன்றுவிடும். மார்ச் 12 அன்று 391-242, மார்ச் 29 அன்று 344-286 என்று தொடர்ந்து தோற்றது.

முடிச்சு வேறு இடத்தில் இருந்தது. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு விலகுவோம் என்று 2017 ஜனவரியிலேயே தெரசா மே அறிவித்துவிட்டார். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமும் 200க்கு மேற்பட்ட சாலைக் கடப்புகளும் உள்ள அயர்லாந்து நில எல்லையில் சோதனை இருக்காது என்றும் சொன்னார். வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் நடுவிலும் எல்லை வராது என்றார். மூன்றில் எந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், மூன்றையும் முடியாது. எதை விடுவது என்று உள்ளே முடிவெடுக்காமல் வெளியே பேரத்துக்குப் போனதால், அந்த முடிவை எடுக்கும் வேலை எதிர்த்தரப்பு வரையும் வாசகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தெரசா மேக்குப் பின் பிரதமரான ஜான்சன் 2019 அக்டோபர் 17 ஒப்பந்தத்தில் மூன்றாவதை விட்டார். டிசம்பர் 12 தேர்தலில் 80 இடப் பெரும்பான்மை கிடைத்ததும் அதே நாடாளுமன்றத் தடை மறைந்துபோனது.

பெரும்பான்மை வந்த பிறகு நடந்த இரண்டாம் கட்டப் பேச்சில், 2020 டிசம்பர் 31க்கு மேல் நீட்டிப்பு கேட்க மாட்டோம் என்று பிரிட்டன் சட்டமே போட்டுக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வர்த்தக ஒப்பந்தத்தில் பங்கில்லை, ஒன்றியத்தின் எதிர்கால விதிகளைத் தானாகப் பின்பற்ற வேண்டியதில்லை என்ற இரண்டையும் வாங்கியது. சிறிய வெற்றி இல்லை. அதற்கான விலையை வணிகர்கள் கொடுத்தார்கள். டிசம்பர் 24 அன்று முடிந்த, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ஒப்பந்தம் ஜனவரி 1 முதல் அமல். பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிட விதிச் சான்று என்றால் என்ன என்று சிறு ஏற்றுமதியாளர்கள் அந்த ஒரு வாரத்தில்தான் கற்றுக்கொண்டார்கள். ஒன்றியம் முதல் நாளிலிருந்தே முழுச் சோதனை வைத்தது. பிரிட்டன் தன் பக்கச் சோதனைகளைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, உணவுப் பொருள்களுக்கு 2024இல்தான் தொடங்கியது. எதிரியின் சரக்கு மூன்று ஆண்டு தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும்போது, சோதனைகளைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பவருக்கு எந்தப் பிடியும் இருக்காது.

மீனுக்கு வருவோம். பிரிட்டனின் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு 0.1 சதவீதம் சுற்றியே. ஆனால் கிரீன்லாந்தைப் போலவே கடல் அதன் கையில் இருந்தது. பிடிக்க வேண்டியவர்கள் பிரெஞ்சு, டச்சு, டேனிஷ் மீனவர்கள். பேச்சின் கடைசி இரவு வரை இழுத்தது இதுதான். முடிவில் ஒன்றியக் கப்பல்கள் பிரிட்டன் கடலில் பிடிக்கும் பங்கில் மதிப்பு அடிப்படையில் 25 சதவீதம் பிரிட்டனுக்கு வரும், அதுவும் ஐந்தரை ஆண்டில் படிப்படியாக என்று நின்றது. சீட்டு பாதி மதிப்புக்குத்தான் போனது. காரணம், பிரிட்டன் பிடிக்கும் மீனில் பெரும்பங்கு விற்பனையாவது ஒன்றியச் சந்தையில். கடல் இவர்களுடையது, சந்தை அவர்களுடையது. முழுத் தூய்மையில்லாத நீரில் வளர்ந்த உயிருள்ள சிப்பி வகைகளை, சுத்திகரிக்காமல் இறக்குமதி செய்யக் கூடாது என்ற ஒரு சுகாதார விதி 2021 ஜனவரி முதல் பாய்ந்தபோது, சில துறைமுகங்களில் ஏற்றுமதியே நின்றது.

ஒன்றியத்தின் பேச்சாளர்கள் இன்னொன்றும் செய்திருந்தார்கள். மீன் ஏற்பாடு முடிய அன்று குறித்த நாள் 2026 ஜூன் 30. ஒப்பந்தத்தின் மின்சார, எரிவாயு வர்த்தகப் பகுதி காலாவதியாகக் குறித்த நாளும் அதே 2026 ஜூன் 30. பிரிட்டன் மீனை இறுக்கினால் மின்சாரக் கம்பி கண்ணில் தெரியும்படி இரண்டையும் ஒரே தேதியில் கட்டியிருந்தார்கள். அந்த நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே, 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த மாநாட்டில், உணவுச் சோதனைகளைத் தளர்த்தும் ஒப்பந்தம் ஒன்றுக்கான பேச்சோடு சேர்த்து, ஐரோப்பியக் கப்பல்களுக்கான கடல் அனுமதியைப் பிரிட்டன் 2038 ஜூன் 30 வரை நீட்டித்துக் கொடுத்தது.